அண்ணாவுக்குக் காட்ட நினைத்த குளிர் ஊர்

1

அடிஸ் அபாபாவை ஒரே நாளில், கால்நடையாக, கைக்காசு அதிகம் கரையாமல் பார்ப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தியோப்பியா என்றதும் ஊரில் உள்ளவர்களுக்கு மணலும் ஒட்டகமும்தான் கண்ணுக்கு வருகின்றன. அப்படியில்லை, இங்கே மலைமேல் ஒரு நகரம் இருக்கிறது, நடுப்பகலிலும் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டுதான் அங்கே நடக்கவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். பாதிவரை அந்தக் கட்டுரைதான் வருகிறது. பிறகு அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலைக்காரன். கணிதம் படிப்பிக்க வந்தவன். மனைவி யோகத்தோடும் மகள் வாசுகியோடும் நஸ்ரேத் என்ற ஊரில் இருக்கிறேன். அது மலைக்குக் கீழே, ஓரளவு நம்மூர் வெக்கையோடு கிடக்கும் ஊர். வருடத்துக்கு ஒருமுறை வதிவிட அனுமதியில் முத்திரை குத்துவிக்கத் தலைநகருக்கு ஏறவேண்டும். வழக்கமாக அந்தப் பயணம் முழுவதும் ஒரு வாங்கில் உட்கார்ந்தே முடிந்துபோகும். படம் ஒன்று குறைகிறது என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போனால் கையெழுத்து வைப்பவர் எழும்பிப் போயிருப்பார். வருடமும் மாதமும் மணியும் இவர்களுக்கு வேறு கணக்கு. விடியும்போதுதான் மணி தொடங்குகிறது. முதல் வருடம் இரண்டு மணிக்கு வா என்று சொன்னதை நம்பிப் பின்னேரம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அவர்கள் சொன்னது காலை எட்டு மணி.

இந்த முறை என்ன அதிசயமோ, குடிவரவுக் கந்தோருக்குள் நுழைந்த கையோடு முத்திரை விழுந்துவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முழுப் பகல் கிடந்தது. டாக்சி பிடிக்கக்கூடாது, கடையில் பெரிய சாப்பாடு சாப்பிடக்கூடாது, கால் போகும் இடமெல்லாம் போவது என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணாவை இங்கே கூட்டிவரும்போது எதை எதைக் காட்டலாம் என்று ஒத்திகை பார்க்கவேண்டும்.

2

அண்ணாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

அண்ணா திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கடலில் ஓடும் பயணிகள் படகான மோட்டர் லோஞ்சில் சுக்கான் பிடித்தவர். காலையில் கிளிவெட்டிப் பக்கத்து நெல் மூட்டையும் தயிர் முட்டியும் அவருடைய லோஞ்சில்தான் நகரத்துக்கு வரும். மூதூர் முஸ்லிம் வியாபாரிகள் அவரோடு கதைத்துக்கொண்டே வந்து, இறங்கும்போது ஒரு வெற்றிலைச் சுருளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா செத்தபோது நான் அரைக் காற்சட்டையோடு திரிந்தேன். அதன்பிறகு அக்காவின் கல்யாணம், என் பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாணம் எல்லாம் அந்தச் சுக்கானில் இருந்து வந்ததுதான். அவர் கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு எங்கயடா நேரம்? லோஞ்சை ஆர் திருப்பிறது?" என்பார்.

ஆளுக்கு வெயில் ஒத்துவராது. ஆனால் பிழைப்பு முழுக்க வெயில். கச்சான் காற்று நெருப்பாய் வீசும் மாதங்களில் கடலும் கண்ணைக் குத்தும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் விழுவார். ஒருநாள் சந்தையில் மீன் பெட்டிக்குள் கிடந்த ஐசுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றார். மீன்காரன் திட்டத் திட்ட எடுக்கவில்லை.

"தம்பி, வெள்ளைக்காரன்ர ஊர் முழுக்க இப்பிடித்தான் இருக்குமோ?"

"மீன் மணம் இராது அண்ணா."

"அது பரவாயில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு நாளைக்காவது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, குளிருக்கு நடுங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கவேணும்."

கம்பளிச் சட்டை உண்மையிலேயே அவரிடம் இருந்தது. ஆங்கிலேயரின் கடற்படை துறைமுகத்தைக் கைவிட்டுப் போனபோது, கப்பலேற இருந்த ஒரு சிப்பாய் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கருநீலச் சட்டை. திருகோணமலையில் அதை யார் போடுவது? பூச்சிமுட்டை போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தார். ஆடிக்கொருதரம் எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பார். நுவரெலியாவுக்குப் போய்வரச் சொன்னால், "நீ ஒரு குளிர் ஊரில வேலை எடு. வந்து ஒரு மாசம் இருக்கிறன்" என்று பகிடி விடுவார். எனக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்தபோது அவர்தான் முதலில் கேட்டார், அங்கே குளிருமா என்று. நஸ்ரேத் குளிராது, தலைநகர் குளிரும் என்றேன். "அப்ப தலைநகருக்கு வாறன்" என்றார். வேலை நீடிப்புக் கிடைத்ததும் கட்டாயம் கூப்பிடுவேன் என்று எங்கள் ஊர்க் கோட்டை வாசலில் நின்று வாக்குக் கொடுத்தேன். அது கிடைத்தது போன மாதம். அண்ணா கடிதம் எழுதும் ஆள் இல்லை, அவருடைய சுகமெல்லாம் அக்காவின் கடிதத்தில்தான் வரும்.

3

ஆகவே நடந்தேன்.

அந்த நகரத்தில் முதலில் மூக்குக்குத்தான் வேலை. தெருவெல்லாம் யூக்கலிப்டஸ் மரம். அதன் விறகுதான் அடுப்பிலும் எரிகிறது. ஊர் முழுக்கத் தடிமன், சளிக்குத் தடவும் தைலம் பூசியதுபோல ஒரு வாசம். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், பயப்படவேண்டாம். காற்று அங்கே கொஞ்சம் குறைவு. நாலு அடி வைத்து ஒருதரம் நின்றால் சரி. அண்ணாவுக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம், இந்த மேட்டை அவர் ஒரே மூச்சில் ஏறக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மேட்டின் நடுவில் தேவாலயச் சுவரோரம் ஒரு கல் இருக்கை இருந்தது. இங்கே அவரை இருத்தலாம்.

வெள்ளைச் சால்வையால் தலையை மூடிய பெண்கள் சுவருக்கு நெற்றியை வைத்துக் கும்பிட்டார்கள். கழுதைகள் மூட்டை சுமந்து தெருவை நிறைத்துக்கொண்டு போயின. கிளிவெட்டி நெல் மூட்டையைக் கண்டவருக்கு இது சிரிப்பாக இருக்கும். பெரிய சந்தைக்குள் ஒரு பக்கம் மிளகாய்த்தூள் தும்ம வைத்தது, மறுபக்கம் பழைய கோட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. இத்தாலியர் விட்டுப்போன கோப்பிக் கடை ஒன்றில் நின்றபடியே குடித்தேன். நின்று குடித்தால் விலை குறைவு. கதிரையில் இருந்து குடிப்பதுதான் அண்ணாவுக்குப் பிடிக்கும். அவருக்காக ஒருநாள் இருந்து குடிக்கலாம், ஊர் கெட்டுப்போகாது.

வழி தெரியாதபோது மொழி கைவிட்டது. இத்தனை வருடமாகியும் என் அம்ஹாரிக் வகுப்பறைக்குள்தான் ஓடும். "இரு, எழும்பு, கரும்பலகையைப் பார்" என்பதை வைத்துக்கொண்டு தெருவில் என்ன செய்வது? ஒரு கிழவரிடம் வழி கேட்கப்போய், அவரை இருக்கச் சொல்லி அதட்டிவிட்டேன். மனுசன் பயந்து இருந்துவிட்டார். வாசுகி பக்கத்தில் இருந்தால் விழுந்து சிரித்திருப்பாள். அவளுக்கு இந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. நம்முடையதுதான் தேய்கிறது. சாப்பிட வா என்றால் "ஓம்" என்று வருவதில்லை, "இஷி" என்றுதான் வருகிறது. பெரியப்பா ஒரு மாதம் வந்து நின்றால் பிள்ளையின் வாயில் தமிழ் ஏறும் என்று யோகத்திடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் குசினிக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல எழும்பிப் போய்விடுவாள்.

தூரத்து மலையில் முகில் இறங்கியது. விரல் நுனி மரத்தது. கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்று நடுங்கினேன். எனக்குள் ஒரே சந்தோசம். அண்ணா நினைத்த குளிர் இதுதான்.

4

எங்கள் ஊருக்குப் பக்கத்து உப்புவெளியில் இருந்து தவராசா என்றொருவர் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கிறார், மனைவியோடு நகரத்தில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் அவர் உப்புவெளியில் இருந்து சைக்கிளில் வருவார், எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. ஊர் முகத்தைப் பார்த்தால் பயணம் நிறைவாகும் என்று தேடிப் பிடித்துப் போனேன். இன்னும் பெட்டி கட்டவிழ்க்காத வீடு. அவருடைய மனைவி மாசிச் சம்பலும் பாணும் எடுத்து வைத்தார். நான் வாயோயாமல் கதைத்தேன்.

"நீங்கள் இஞ்ச இருக்கிறதும் நல்லதாப் போச்சு தவராசா. அண்ணா வாறார். நீடிப்புக் கிடைச்சிட்டுது. வந்தால் ரெண்டு நாள் உங்கட வீட்டில விடுவன். நஸ்ரேத்தில குளிர் இல்லை எண்டு சண்டை பிடிப்பார். அந்தக் கம்பளிச் சட்டையை நீங்கள் கண்டிருப்பியளே? அலுமாரிக்குள்ள இருந்து அதுக்கு விடுதலை வரப்போகுது."

தவராசா பாணைப் பிய்த்தபடி அப்படியே இருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டர்," என்றார் தவராசா. "உங்களுக்கு... வீட்டில ஒண்டும் எழுதேல்லையோ?"

"அக்கா போன கிழமையும் எழுதினவ. எல்லாரும் சுகமாம்."

அவர் எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். தோளில் கை விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பிறகு அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் இருந்து கேட்டதுபோல் இருந்தது.

"போன வருசம், மாஸ்டர். கச்சான் காலம். லோஞ்சை இறங்குதுறையில கட்டிப்போட்டு, நெஞ்சு நோகுது எண்டு கயிற்றுச் சுருளில இருந்தவராம். எழும்பேல்லை. நானும் செத்தவீட்டுக்குப் போனனான். உங்கட அத்தான்தான் கொள்ளி வைச்சவர். மூதூரில இருந்து லோஞ்சு நிறைய ஆக்கள் வந்தவை. உங்கட அக்கா அந்தக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து அவருக்கு மேல போட்டுவிட்டா. அந்த வெயிலுக்க. அதைக் கண்டு அழாத ஆள் இல்லை."

ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் நான் அவருக்காக மேடுகளை அளந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

5

எங்கள் பக்கத்தில் இழவு கேட்டால் முழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. திருகோணமலையில் முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பலர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத்தான் போவார்கள். இடுப்பளவு ஆழமான ஏழு கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றவேண்டும். அப்பாவுக்காக அண்ணா என்னை அங்கே கூட்டிப்போனார். மிகச் சுட்ட கிணற்றில் நான் அழுதுகொண்டு ஓட, கையைப் பிடித்து நிறுத்தி, "அப்பாவுக்கடா. அப்பாவுக்கு எண்டால் சுடாது" என்றார். சுட்டது. ஆனாலும் நின்றேன்.

அண்ணாவுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அங்கே நின்று முழுகவேண்டியவன் நான்தான். அந்த முழுக்கு நடக்கவே இல்லை.

தவராசா வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். இந்த நகரத்திலும் நிலத்தில் இருந்து வெந்நீர் வருகிறது, அதைச் சுற்றித்தான் ஊரே எழும்பியது என்று மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். கூட வருகிறேன் என்ற தவராசாவை விலக்கிவிட்டுப் பள்ளத்தை நோக்கி இறங்கினேன். ஏறும்போது வாங்கிய மூச்சு இறங்கும்போதும் வாங்கியது.

குளிப்பு அறைகள் வரிசையாய் இருந்தன. சீட்டை வாங்கிய பெண் நடுவயதுக்காரி. நோயாளிகள் வரும் இடம் அது. எங்கே நோவு, முழங்காலா முதுகா என்று சைகையால் கேட்டாள். என் வாயில் வகுப்பறைச் சொல்லைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. "என் அண்ணன்" என்றேன். "இல்லை" என்றேன். அவள் சால்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். "கடவுள் உன்னைத் திடப்படுத்தட்டும்" என்று அவர்கள் துக்க வீட்டில் சொல்லும் சொல்லைச் சொன்னாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்தாள். "யார் உன்னோடு வந்தது?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றதும் அவளுக்கு நம்ப முடியவில்லை. இந்த நாட்டில் சாவுச் செய்தியை ஒருவனிடம் தனியே சொல்லமாட்டார்கள். அயலவர் எல்லோரும் கூடி, விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, சுற்றி நின்றுதான் சொல்வார்கள். தனியே அழவிடுவது அவர்களுக்குப் பாவம்.

உள்ளே ஒரு சீமெந்துத் தொட்டியும் தகர வாளியும் இருந்தன. ஏழு வாளி ஊற்றினேன். எல்லாம் ஒரே குழாயில் வந்த ஒரே சூடு. எது எந்தக் கிணறு என்று நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசி வாளியோடு அப்படியே குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன். கதவைத் திறந்தபோது அந்தப் பெண் வெளியே ஒரு முக்காலியில் இருந்தாள். நான் முடிக்கும்வரை காவல் இருந்திருக்கிறாள்.

6

ஈரத் தலையோடு பஸ்ஸில் வந்தேன். யன்னல் காற்று மண்டைக்குள் இறங்கியது. எனக்கு இப்போது ஒரே யோசனை, யோகத்துக்கு எப்படிச் சொல்வது. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அண்ணாதான். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வந்ததும் வராததுமாகச் சொன்னால் தாங்கமாட்டாள். பிள்ளையும் பயந்துபோகும். இரவுச் சாப்பாடு முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம், வேண்டுமானால் இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டேன். அக்காவும் இப்படித்தான் தொடங்கியிருப்பாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் வீட்டு வாசலில் கால் வைத்தேன். யோகம் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"முத்திரை குத்தியாச்சோ?"

"ஓம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தாள்.

"தலை ஈரமாக் கிடக்கு."

"மழை."

"சட்டை நனையேல்லை." அகப்பையைக் கீழே வைத்தாள். "அந்தக் குளிருக்க முழுகினீங்களோ?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இருந்தாள்.

"ஆர் சொன்னது?" என்றாள்.

கதிரையில் இருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "உமக்குத் தெரியுமோ?"

"என்ர அம்மா எனக்கு எழுதினவ. அக்கா சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கிப்போட்டா. லீவு தரமாட்டினம், தந்தாலும் வந்துசேர எல்லாம் முடிஞ்சிடும், தனிய இருந்து என்னெண்டு தாங்குவான், ஊருக்கு வரேக்க நேரில சொல்லுவம் எண்டவ. நீங்கள் அண்ணா வருவார் வருவார் எண்டு சொல்லேக்க எனக்கு உயிர் போய் வரும். ஒரு வருசம். வாய்விட்டு அழவும் ஏலாது. குசினிக்குள்ளதான் அழுதனான்."

எனக்குக் கோபம் வந்தது. அவளைப் பார்க்க, அது நிற்காமல் போய்விட்டது.

"முப்பத்தோராம் நாள் அண்டைக்கு அம்மான்ர கடிதம் என்ர கையில இருக்குது," என்றாள். "உங்களுக்குச் சொல்லாமல் எப்பிடி விடுறது? நீங்கள்தானே முழுகவேணும். தடிமன் எண்டு சொல்லி, சுடுதண்ணி வைச்சு, பின்வளவில இருத்தி ஊத்தினனே. நினைவிருக்கோ?"

நினைவிருந்தது. தடிமனுமில்லை ஒன்றுமில்லை, இவளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாளியும் முந்தின வாளியைவிடச் சூடாக இருந்தது. "இதென்ன கன்னியாத் தண்ணியே, இப்பிடிக் கொதிக்குது!" என்று கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாளிக்குப் போனாள். அவிந்துபோவேன் என்று சொல்லி நான் துவாயை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"ஆறுதான் ஊத்தினனான்," என்றாள் யோகம். "ஏழாவதுக்கு நீங்கள் எழும்பிப் போட்டியள். மறிக்கவும் ஏலாது, சொல்லவும் ஏலாது. வாளியை வைச்சுக்கொண்டு நிண்டனான். அதுதான் எனக்கு ஒவ்வொரு நாளும்." பிறகு, கேட்கப் பயந்தவள்போல, என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இண்டைக்கு எத்தினை வாளி ஊத்தினீங்கள்?"

"ஏழு."

"அப்ப சரி," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஒரு வருடமாக உள்ளே கிடந்தது, எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் கேட்பதுபோலவே, ராகத்தோடு, "என்ர ராசா அண்ணா" என்று வெளியே வந்தது. வாசுகி திகைத்து நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே அயல்வீட்டுக்கு ஓடினாள். அவளுக்குத் தெரிந்த இந்த ஊர் வழக்கம் அதுதான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சால்வைகளோடு அயல்பெண்கள் வந்து யோகத்தைச் சுற்றி இருந்தார்கள். அவர்களுடைய ஆண்கள் என் பக்கத்தில் வந்து இருந்தார்கள். அண்ணாவின் பெயரைக்கூட அறியாதவர்கள் அன்று எங்களோடு அழுதார்கள்.

ஊரில் இதை வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்தான் உண்டு. உங்கள் வீட்டிலும் என்னைப்போல் ஒருவர் வெளியில் இருப்பார். அங்கே சாவு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தூரத்தில் இருக்கிறான், தனியே இருக்கிறான் என்று இரக்கப்பட்டு மறைக்கவேண்டாம். எங்களோடு இருந்து அழ இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.